நானூறு கிலோமீட்டர் மாமனார்

உட்காருங்க, உட்காருங்க. அங்க கடைசி வரிசையில என்ன குசுகுசு? உங்க பேச்சு முடிஞ்சதும் சொல்லுங்க, நான் ஆரம்பிக்கிறேன். முடிஞ்சுதா? நல்லது. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளி அந்தம்மாவுக்குக் குடுங்க. சேர் கிடைக்காதவங்க தரையில உட்காருங்க, அதுக்காக யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க வேண்டாம். ஏன்னா இன்னைக்குக் கதையே சொந்த வீட்டுல சொந்த நாற்காலி கிடைக்காத ஒரு மனுஷனோட கதைதான்.

சோபாக்காரர்னு ஒருத்தர். சோபா விக்கிறவர் இல்ல. பிஞ்சு போன சோபாவுக்கு உயிர் குடுக்கிறவர். பழைய துணியைக் கிழிப்பாரு, உள்ளேயிருந்து சீப்பு, பேனா மூடி, ஒத்தைக் கம்மல் எல்லாம் உதிரும், அதை ஓரமா எடுத்து வச்சுட்டு, புது ஃபோம் வச்சு, துணியை இழுத்துப் பிடிச்சு, வாயில வச்சிருக்கிற ஆணியை ஒண்ணொண்ணா எடுத்து டக்கு டக்குன்னு அடிப்பாரு. ரெண்டு கைக்கும் வேலை இருக்கறதால ஆணிக்கு வாய்தான் டப்பா. அதனால பகல் முழுக்க மனுஷனால பேச முடியாது. யாராவது பேர் கேட்டாக்கூட "ம்ஹ்ம்ம்"னுதான் சொல்ல முடியும். அப்படி அடக்கி வச்ச பேச்செல்லாம் எங்க போகும்? சாயந்திரம் வீட்டுக்கு வந்து, அவரோட நாற்காலியில சாஞ்ச உடனே மடை திறந்த மாதிரி வரும்.

அந்த நாற்காலியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஊருக்கெல்லாம் செஞ்சு மிச்சமானதுல அவரு தனக்குன்னு செஞ்சுக்கிட்டது. ஸ்பிரிங் ஒரு காரோட சீட்லேருந்து வந்தது. கைப்பிடி ஒரு டாக்டர் வீட்டு மிச்சம். முதுகுக்குப் பச்சை, சீட்டுக்குச் சிவப்பு, பக்கத்துக்கு ஏதோ ஒரு ஓட்டல் திரைத்துணி. பாக்கறதுக்குக் கிளி மேல லாரி ஏறின மாதிரி இருக்கும். ஆனா உட்கார்ந்தா, நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு ஒடிஞ்ச இடுப்பை அந்த நாற்காலி மடியில போட்டுத் தாலாட்டும். பத்து வருஷம் உட்கார்ந்ததுல அவரோட முதுகு அச்சு அப்படியே அதுல பதிஞ்சு கிடக்கு. வேற யாருக்கும் அது பொருந்தாது.

ஒருத்தரைத் தவிர. மாமனார்.

மாமனார் உத்தியோகம் பாத்ததெல்லாம் ரயில் நிலையத்துல, மைக் முன்னாடி. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருது, எவ்வளவு லேட்டு, எல்லாம் அவரு குரல்தான். முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஜனத்துக்கெல்லாம் பேசினதுல, மொத்த சரக்கும் தீர்ந்து போச்சு போல. ரிட்டயரான அன்னைக்கு வாயை மூடினவர், அதுக்கப்புறம் "ம்" தான். குட்டையா ஒரு "ம்" போட்டா ஆமா. நீட்டி "ம்ம்ம்" போட்டா வேண்டாம். கேள்வியா "ம்?"னா, டீ இன்னும் வரலையான்னு அர்த்தம். தெருவுல அவருக்கு 'சைலன்சர்'னு பேரு வச்சுட்டாங்க.

தங்கமான மனுஷன். சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டாரு, புத்தி சொல்ல மாட்டாரு, எதுலயும் தலையிட மாட்டாரு. ஆனா வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பையை வச்சுட்டு நேரா போய் அந்த நாற்காலியில உட்காருவாரு. எந்திரிக்க மாட்டாரு.

சோபாக்காரர் என்னெல்லாமோ பண்ணிப் பாத்தாரு. ஒரு தடவை முந்திக்கிட்டு, மாமனார் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஓடிப் போய் உட்கார்ந்துட்டாரு. மாமனார் தலையைத் துவட்டி முடிச்சாரு. பக்கத்துல வந்து நின்னாரு. நின்னுக்கிட்டே இருந்தாரு. பெரியவர் நிக்கும்போது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? தானா எந்திரிச்சாரு. இன்னொரு தடவை மாமனாருக்குன்னே புதுசா ஒரு நாற்காலி, நல்ல ரெக்சின் போட்டு, மெத்து மெத்துன்னு செஞ்சு, தோள்ல சுமந்துக்கிட்டு வந்தாரு. மாமனார் அதுல உட்கார்ந்து பாத்தாரு. "ம்"னாரு. எந்திரிச்சாரு. ஈரத் துண்டை அது மேல விரிச்சுக் காயப் போட்டுட்டு, பழைய நாற்காலிக்கே வந்துட்டாரு.

இப்போ நீங்க கேப்பீங்க, மாமனார் வந்தா ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிட மாட்டாரான்னு. அங்கதான் சிக்கல். அந்தச் சிக்கலைப் போட்டதே நம்ம சோபாக்காரர்தான்.

கல்யாணமான புதுசு. அப்போ அவரோட அக்கா இருந்தது ரொம்பத் தூரத்து ஊர்ல. மாமனார் இருந்தது ரெண்டு பஸ் மாறினா வந்துடற ஊர்ல. சோபாக்காரர் பொண்டாட்டியை உட்கார வச்சு ஒரு சட்டம் போட்டாரு: யார் வந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் தங்கலாம். பாவம், தூரத்துலேருந்து வர்றவங்க களைச்சுப் போய் வருவாங்க, கிட்டத்துல இருக்கறவங்களுக்கு என்ன, காலைல வந்து சாயந்திரம் போயிடலாம் பாரு. அந்தம்மா அன்னைக்குச் சொன்னது ஒரே வார்த்தை. "சரிங்க."

சட்டம் அப்படியே இருந்துச்சு. ஆளுங்கதான் இடம் மாறிட்டாங்க. அக்கா வீட்டுக்காரருக்கு மாத்தலாகி இதே ஊர்ல, அடுத்த தெருவுக்கே வந்துட்டாங்க. மாமனார் மூத்த மகன்கிட்ட இருக்கலாம்னு எங்கேயோ போயிட்டாரு. நடுவுல மலை, மலைக்கு அந்தப் பக்கம் கடல் வந்து உள்ள நுழைஞ்சு கிடக்கு. ரயில் அதையெல்லாம் சுத்திக்கிட்டு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரணும். வந்தா பதினஞ்சு நாள். பதினஞ்சு நாளும் சோபாக்காரர் ஸ்டூல்ல.

இந்த வருஷமும் மாமனார் வர்றதாத் தகவல் வந்துச்சு. இவருக்கு இப்போவே இடுப்பு வலிக்க ஆரம்பிச்சுடுச்சு.

அந்த வாரம் பாத்து, கீழ் வீட்டு டிக்கெட்டம்மா கடையில வேலை வந்துச்சு. டிக்கெட்டம்மாவுக்கு ரயில், பிளேன் டிக்கெட் போட்டுக் குடுக்கிற கடை. ஜனங்க காத்துக்கிட்டு உட்கார்ற பெஞ்சு மெத்தை கிழிஞ்சு போச்சு, தச்சுக் குடுங்கன்னு கூப்பிட்டாங்க. இவரு வாய் நிறைய ஆணியோட குனிஞ்சு அடிச்சுக்கிட்டு இருக்கும்போது, தலைக்கு நேரா சுவத்துல பெரிய மேப். சும்மா இருக்காம, கழுத்துல கிடந்த அளவு டேப்பை எடுத்து மாமனார் ஊர்லேருந்து நம்ம ஊருக்கு நேரா ஒரு பிடி பிடிச்சாரு. ரெண்டு விரக்கடை கூட இல்ல. ரயில் பாதை மட்டும் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு எங்கேயோ போய்ட்டு வருது.

ஆணியெல்லாம் கையில துப்பிட்டு, "ஏம்மா, இந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் வானத்துல போனா எவ்வளவு தூரம்?"னு கேட்டாரு.

டிக்கெட்டம்மா கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, "நேரா போனா நானூறுதான்"னாங்க.

ஒரு ஆணி வாயிலயே தங்கியிருக்கு. நல்லவேளை, முழுங்கல.

நானூறுன்னா நாலே நாள். ஒரு வெள்ளிக்கிழமை வந்தா திங்கட்கிழமையோட கிளம்பியாச்சு. அன்னைக்குப் பெஞ்சை அவரு தச்ச தையலைப் பாக்கணும், அவ்வளவு சந்தோஷமான தையல்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தாரு. நாற்காலியில சாஞ்சாரு. கால் மேல கால் போட்டாரு. பொண்டாட்டியைக் கூப்பிட்டு, வயசான மனுஷனை ரெண்டு ராத்திரி ரயில்ல குலுக்கிக்கிட்டு வர வைக்கிறது பாவம், இந்தத் தடவை மாமாவை நான் பிளேன்ல கூட்டிட்டு வரப் போறேன்னு ஆரம்பிச்சு, மாமாவோட முழங்கால், மாமாவோட தூக்கம், மாமாவோட கௌரவம்னு ஒரு அரை மணி நேரம் உருகினாரு. அந்தம்மா துணி மடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில பூனை பைக்குள்ளேருந்து மெதுவா தலையை நீட்டுச்சு.

"பிளேன்ல வந்தா சட்டமும் அதுக்குத் தகுந்த மாதிரிதானே இருக்கணும். இனிமே தூரம்னா வானத்துத் தூரம்தான்."

அந்தம்மா மடிச்ச துணியைக் கீழ வச்சாங்க. "வானத்துத் தூரம்னா எது? நூல் பிடிச்ச மாதிரி நேரா போற தூரமா, பிளேன் பறந்து வர்ற தூரமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்மா. வானத்துல என்ன மலையா குறுக்க நிக்குது, சுத்திக்கிட்டு வர?"

"இருக்கட்டுங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. பின்னால பேச்சு மாறக் கூடாதுல்ல."

"பிளேன் பறந்து வர்ற தூரம். போதுமா?"

"உங்க நாற்காலி மேல அடிச்சுச் சொல்லுங்க."

ரெண்டு கைப்பிடி மேலயும் பட்டு பட்டுன்னு அடிச்சு, "பிளேன் எவ்வளவு தூரம் பறக்குதோ அவ்வளவு. நூறுக்கு ஒரு நாள்"னு சொன்னாரு. தூசி பறந்துச்சு.

"சரிங்க"ன்னாங்க அந்தம்மா.

இங்க ஒரு நிமிஷம். கல்யாணமான ஆம்பளைங்க யாராவது இருந்தா காதைத் தீட்டிக்கோங்க. பொண்டாட்டி சண்டை போட்டா பயப்பட வேண்டாம். அழுதாக்கூட சமாளிச்சுடலாம். இவ்வளவு சீக்கிரமா "சரிங்க"ன்னு சொன்னாங்கன்னு வைங்க, அப்போ எந்திரிச்சு வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாருங்க, எங்கேயோ ஏதோ பத்திக்கிட்டு இருக்கு.

சோபாக்காரர் எந்திரிக்கல. நாற்காலி சுகம்.

மறுநாள் அந்தம்மா டிக்கெட்டம்மாகிட்ட விசாரிச்சுட்டு வந்து, நேரா பறக்குற பிளேனுக்கு என்ன விலைன்னு சொன்னாங்க. சோபாக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தக் காசுக்கு அவரு ஒரு கல்யாண மண்டபத்துக்கே மெத்தை தச்சுடுவாரு.

"வேற இல்லையா?"

"இருக்கு. சல்லிசாவும் இருக்காம். ஆனா அது எப்படி எப்படியோ போகுமாம்."

"எப்படிப் போனா என்ன? பிளேன்தானே. வந்து சேருதா இல்லையா?"

"சேருமாம்."

"அப்புறம் என்ன. இருக்கறதுலயே சல்லிசா ஒண்ணு போடச் சொல்லு."

"அப்போ நீங்களே டிக்கெட்டம்மாகிட்ட உங்க வாயால சொல்லிடுங்க"ன்னு போனை நீட்டினாங்க. சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. இன்னும் குறைஞ்சது ஏதாவது இருக்கான்னு வேற கேட்டாரு. இருந்துச்சு. அதையே போடச் சொன்னாரு.

மாமனார் வர்ற நாள் வந்துச்சு. சோபாக்காரர் கடைக்கு லீவு விட்டுட்டாரு. இன்னும் நாலு நாள்தானேன்னு காலையிலேருந்து நாற்காலியில உட்கார்ந்து பிரியாவிடை குடுத்துக்கிட்டு இருந்தாரு. அங்க பிளேன் கிளம்பிடுச்சுன்னு மச்சான் போன்ல சொல்லியாச்சு. ஒரு மணி நேரத்துல வந்துடும். இவரும் காதைத் தீட்டிக்கிட்டே இருந்தாரு. வந்துச்சு சத்தம். பால்கனிக்கு ஓடினாரு. மேல, வெள்ளையா, குட்டியா ஒரு பிளேன். துண்டை எடுத்து ஆட்டினாரு.

"இங்க வாம்மா, பாரு, மாமா வந்துட்டாரு."

அந்தம்மா அடுப்பைத் தணிச்சுட்டு வந்து, நெத்தியில கையை வச்சு அண்ணாந்து பாத்தாங்க. "ஆமாங்க. அதுலதான் அப்பா போறாரு."

"போறாரா? வர்றாரா?"

"இப்போ போறாரு. சாயந்திரம் வருவாரு."

பிளேன் இறங்கற மாதிரியே தெரியல. நம்ம ஊரு என்னமோ வழியில கிடக்குற வேகத்தடை மாதிரி, அதைத் தாண்டி அது பாட்டுக்குப் போய் மேகத்துக்குள்ள நுழைஞ்சுடுச்சு. சோபாக்காரர் கையில இருந்த துண்டு அப்படியே தொங்குச்சு.

அப்புறம்தான் அந்தம்மா நிதானமா விளக்கினாங்க. சல்லிசான டிக்கெட்டுன்னா அப்படித்தானாம். முதல் பிளேன் நம்ம ஊருக்கு மேலயே பறந்து எங்கேயோ வடக்கே ஒரு பெரிய ஊருக்குப் போகும். அங்க இறங்கி, இன்னொரு பிளேன் ஏறி, மேற்கே இன்னொரு ஊரு. அங்கேருந்து மூணாவதா ஒரு பிளேன், அதுதான் இங்க வரும்.

சோபாக்காரர் மெதுவா உள்ள வந்தாரு. நாற்காலியில உட்கார்ந்தாரு. பொதுவா சாஞ்சு உட்கார்றவர், அன்னைக்கு நுனியில உட்கார்ந்தாரு. அவரு மனசுக்குள்ள ஏதோ ஒரு கூட்டல் ஓடுது. ஓடி எங்க நிக்கப் போகுதுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு.

சாயந்திரம் இருட்டுறதுக்கு முன்னாடி மாமனார் வந்து சேர்ந்தாரு. டிக்கெட்டம்மாவும் கடையை மூடிட்டு, பெரியவர் எப்படி வந்தாருன்னு பாக்க மாடியேறி வந்தாங்க. மாமனார் பையை வச்சாரு. நேரா வந்து நாற்காலி பக்கத்துல நின்னாரு. மாப்பிள்ளை எந்திரிச்சாரு. மாமனார் உட்கார்ந்தாரு. எல்லாம் வழக்கம் போல.

அந்தம்மா டீ குடுத்துக்கிட்டே, "ஏன்க்கா, அப்பா மொத்தம் எவ்வளவு தூரம் பறந்தாரு?"ன்னு கேட்டாங்க, என்னமோ இப்பதான் ஞாபகம் வந்த மாதிரி.

டிக்கெட்டம்மா விரல் விட்டாங்க. முதல் பிளேன் ஆயிரத்து முந்நூறு. ரெண்டாவது தொள்ளாயிரம். மூணாவது எண்ணூறு. கூட்டினா மூவாயிரம்.

நூறுக்கு ஒரு நாள். ரயில்ல வந்திருந்தாக்கூட பதினஞ்சோட போயிருக்கும்.

சோபாக்காரர் ஸ்டூல்லேருந்து எந்திரிச்சுட்டாரு. இதெல்லாம் செல்லாது, நான் சொன்னது நேர் தூரம்னாரு. பிளேன் பறக்குற தூரம்னுதானே நாற்காலி மேல அடிச்சீங்கன்னாங்க அந்தம்மா. கைப்பிடியில பதிஞ்ச கை அச்சு இன்னும் போகலைங்கன்னு காட்ட வேற செஞ்சாங்க. சரி, ஆனா இப்படிச் சுத்தி விடுவீங்கன்னு எனக்கு யாரு சொன்னதுன்னாரு. எப்படிப் போனா என்னன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க, இன்னும் குறைஞ்சது கேட்டதால நான் ஒரு ஊரு கூடச் சேர்த்தேன்னாங்க டிக்கெட்டம்மா. இவரு கடைசியா ஒரு பிடி பிடிச்சாரு.

"மத்தியானமே மாமா நம்ம வீட்டுக்கு மேல வந்தாச்சு. நான் துண்டு ஆட்டினேன். அப்பவே நானூறு முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல போனதெல்லாம் அவரு சொந்த விருப்பம்."

"அப்போ எங்கப்பா அங்கேருந்து குதிச்சிருக்கணுங்கிறீங்களா?"

டிக்கெட்டம்மாவுக்குப் புரையேறிடுச்சு. அந்தம்மாவும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. சோபாக்காரர் முறைச்சுக்கிட்டேதான் நின்னாரு. ஆனா அண்ணாந்து துண்டு ஆட்டினது ஞாபகம் வந்ததும் அவருக்கே உதடு துடிச்சுது, அப்புறம் வயிறு குலுங்குச்சு, அப்புறம் ஸ்டூல்ல உட்கார்ந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. தான் வெட்டின குழிக்குத் தானே டிக்கெட் வாங்கிக் குடுத்தவன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்னாரு.

சிரிச்சு முடிச்சுட்டு மாமனாரைப் பாத்தாரு. மூணு பிளேன் மாறினதுல கழுத்து ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, கால் வீங்கியிருக்கு. எப்படி இருந்தாலும் தொழில் தெரிஞ்ச கை சும்மா இருக்குமா? ஒருத்தர் கோணலா உட்கார்ந்திருந்தா அவருக்குப் பொறுக்காது. உள்ள போய் மிச்ச ஃபோமை ஒரு துண்டு வெட்டி, உருட்டி, துணி சுத்தி, மாமனார் கழுத்துக்குப் பின்னால நைசா சொருகினாரு. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே எடுத்துக் காலுக்குப் போட்டாரு. மாமனார், "ம்"னாரு. குட்டை "ம்". அந்தம்மா அதைப் பாத்துட்டு இன்னொரு டம்ளர் டீயை, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டு, புருஷன் கையில குடுத்தாங்க.

டீயோட சோபாக்காரர் தரையில சுவத்தோரமா சாஞ்சுக்கிட்டாரு. அது ஒண்ணும் அவ்வளவு மோசமா இல்லதான். ஆனாலும் வீட்டுக்குத் தலைவர்னு ஒரு மரியாதை இருக்குல்ல? தொண்டையைச் செருமிக்கிட்டு, விரலைத் தூக்கினாரு.

"சரி. தோத்துட்டேன். கணக்குன்னா கணக்குதான். முப்பது நாள். ஆனா இப்பவே சொல்லிட்டேன், அதுக்கு மேல ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூடக் கிடையாது."

அந்தம்மா "சரிங்க"ன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள, நாற்காலிப் பக்கத்துலேருந்து ஒரு செருமல் சத்தம். எல்லாரும் திரும்பினாங்க. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னாடி மைக் இருக்கிற மாதிரி வாயைக் கொஞ்சம் நீட்டி, ரிட்டயரான நாள்லேருந்து யாரும் கேக்காத அந்தக் கணீர் குரல்ல ஆரம்பிச்சாரு.

"மாப்பிள்ளை கவனத்துக்கு. கடைசி விமானம் கீழ இறங்க இடம் கிடைக்காம, ரொம்ப நேரம் நம்ம ஊருக்கு மேலயே வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தூரத்தை இன்னும் யாருமே கணக்குல சேர்க்கல."